மிச்சத்தை விட்டுடு

வெர்லன் என் சித்தி மகன். என் அம்மாவும் அவன் அம்மா பெர்னீஸும் உடன்பிறந்தவர்கள். அம்மா வாக்கப்பட்டது ஆற்றோரம், சித்தி வாக்கப்பட்டது மலைக்கு அந்தப் பக்கம். எனக்கும் அவனுக்கும் பதினைந்து வயது வித்தியாசம். அவன் பிறந்தபோது சித்தி படுக்கையை விட்டு எழுந்திருக்கும்வரை அந்த வீட்டுத் துணியெல்லாம் துவைத்துப் போட்டது நான்தான். அதனால் அவனைப் பற்றிப் பேச எனக்கு உரிமை இருக்கிறது. அவன் செய்த தப்பில் பங்கும் இருக்கிறது. அதை இன்னொருத்தர் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்.

பதினெட்டு வயதில் துத்தநாகச் சுரங்கத்துக்குள் இறங்கினவன் முப்பத்தாறு வருஷம் கழித்து வெளியே வந்தான். சுரங்கத்தை மூடின அதே வருஷம் அவன் மனைவி வில்மா டீனும் போய்ச் சேர்ந்தாள். பிள்ளை இல்லை. மெத்தென்ற மனசுக்காரன். கோழி அறுக்க வேண்டுமென்றால் வில்மாதான் கத்தியை எடுப்பாள், இவன் ஏதோ வேலை இருப்பதுபோல் கொட்டகைப் பக்கம் போய்விடுவான். தனியானபின் அவனுக்கென்று மிஞ்சியது ஓர் அலுமினியப் படகும், கம்பர்லேண்ட் ஆற்றை மறித்து அணை கட்டித் தேக்கின தண்ணீரும்தான்.

அந்தத் தண்ணீரில் வரிமீன் உண்டு. வெள்ளி உடம்பில் ஏழெட்டுக் கறுப்புக் கோடு, தலையிலிருந்து வால்வரை இழுத்துவிட்டதுபோல் ஓடும். இருபது பவுண்டு, முப்பது பவுண்டு இருக்கும். பங்குனி, சித்திரைக் காலத்தில் எங்கே தூண்டில் போட்டாலும் கிடைக்கும். ஜூலை பிறந்துவிட்டால் ஒன்றையும் காணமுடியாது. அது குளிர்ந்த தண்ணீர் கேட்கிற மீன். மேல்தண்ணீர் காய்ந்து வெந்நீராகும்போது, ஆழத்தில் எங்காவது குளிர்ச்சி இருக்கிற ஒரே மூலையில் போய்க் கும்பலாக ஒடுங்கிக்கொள்ளும். அந்த மூலை எங்கே என்று தெரிந்தவனுக்கு வேட்டை, தெரியாதவனுக்கு வெயில்தான்.

வெர்லன் தேடினான். ஒரு சோடா பாட்டிலில் கல்லைக் கட்டி, வாயைத் தக்கையால் அடைத்து, தக்கையில் தனியாக ஒரு கயிறு போட்டு ஆழத்தில் இறக்குவான். அங்கே போனதும் தக்கைக் கயிற்றை வெடுக்கென்று இழுப்பான். அடித்தண்ணீர் பாட்டிலுக்குள் புகுந்துகொள்ளும். சரசரவென்று மேலே தூக்கி, பால் காய்ச்சுகிற தெர்மாமீட்டரை அதற்குள் விட்டுப் பார்ப்பான். ஒரு கோடை முழுக்க மைல் மைலாக இதையே செய்தான். மேலே எண்பத்தாறு டிகிரி பாரன்ஹீட் என்றால் கீழே எண்பத்துமூன்று. அதற்குக் கீழே போனால் மீன் மூச்சுவிட முடியாத செத்த தண்ணீர்.

படகுத்துறையில் தூண்டில் கடை வைத்திருந்த ஹாய்ட் இவனை ஒருநாளும் சும்மா விட்டதில்லை.

"என்ன டாக்டரே, ஆத்துக்குக் காய்ச்சல் எறங்கிச்சா?"

"எறங்கல. ஒங்கடை காப்பியக் குடிச்சிருக்கும்போல."

இரண்டாவது கோடையில் ஒருநாள் என் வீட்டுக்கு வந்து, ஆற்றில் குளிர்ந்த இடமே கிடையாது என்று அலுத்துக்கொண்டான். நான் பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அணை கட்டித் தண்ணீர் ஏறினபோது இவனுக்கு நாலு வயது. எங்கள் அப்பா எல்பர்ட்டின் நிலத்தில் இருந்த ஊற்றை இவன் பார்த்ததே இல்லை. யாரும் இவனுக்குச் சொன்னதும் இல்லை. ஆகஸ்டு மாதத்தில் கையை விட்டால் எலும்பு வலிக்கிற தண்ணீர். அதன்மேல் கல்கொட்டகை கட்டி, பால் கேன்களை உள்ளே இறக்கி வைப்போம். வீடும் நிலமும் முழுகிப்போனதுக்காக ஊற்று சுரப்பதை நிறுத்தியிருக்குமா என்ன?

அதைச் சொன்னேன். எங்கே என்று கேட்டான். கொட்டகை வாசலில் நின்றால் மேட்டுத் தேவாலயத்தின் கதவு நேர் எதிரே தெரியும், இடது தோளுக்கு மேலே செங்குத்துப் பாறையில் வெள்ளையாக ஒரு கீற்று ஓடும், இரண்டும் சேர்ந்து தெரிகிற இடம் அந்த ஒரே இடம்தான் என்றேன். தேவாலயமும் பாறையும் முழுகவில்லை. அவன் எழுந்தே விட்டான். நான் கையைப் பிடித்து உட்கார வைத்தேன்.

"இருடா. அது எங்கப்பா ஊத்து. ஹாய்ட்கிட்ட போய் ஒப்பிக்கக் கூடாது. திங்கறதுக்கு ரெண்டு எடு. மிச்சத்தை விட்டுடு."

"சத்தியமா விட்டுடறேன்க்கா."

மறுநாள் காலை பத்து மணிக்கெல்லாம் ஈரச் சாக்கில் இரண்டு மீனைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றான். பாட்டில் தண்ணீர் அறுபது டிகிரியாம். படகிலிருக்கிற மீன் காட்டும் கருவியின் திரையில், முப்பது அடி ஆழத்தில் விறகு அடுக்கினதுபோல மீனாம். சோளமாவில் புரட்டிப் பொரித்தேன். வெள்ளை வெளேரென்று இதழ் இதழாகப் பிரிந்தது. தின்றுகொண்டே சொன்னான், மொத்தம் இருபது பிடித்ததாகவும், இரண்டு போகப் பதினெட்டையும் விட்டுவிட்டதாகவும்.

அந்த இடத்தில்தான் நான் வாயைத் திறந்திருக்கவேண்டும். மிச்சத்தை விட்டுடு என்று நான் சொன்னதற்கு, தொடாதே, இரண்டோடு தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு வா என்று அர்த்தம். அவனோ பிடித்துவிட்டுத் திருப்பி விடச்சொல்கிறேன் என்று எடுத்துக்கொண்டான். ஒரே சொல்தானே இரண்டுக்கும். அவன் தப்பாக எடுத்துக்கொண்டது எனக்கு அப்போதே புரிந்தது. ஆனால் அவன் முகத்தில், வில்மா போனதிலிருந்து நான் பார்க்காத ஒரு வெளிச்சம் இருந்தது. என் தட்டில் மீன் இருந்தது. பேசாமல் இருந்துவிட்டேன்.

விடுகிற விதத்தைப் பெருமையாகச் சொல்வான். கையை நனைத்துக்கொண்டு கீழ்த்தாடையைப் பிடித்து, படகோரமாக முன்னும் பின்னும் அலசிக் கொடுப்பானாம். உயிர் வந்ததும் வாலால் ஓர் அடி அடித்துவிட்டு இறங்கிப் போகுமாம். நன்றி சொல்வதுபோல இருக்கிறதென்பான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் தேவாலய வாசலில் நின்று, ஒரு நாளைக்கு இருபது பிடித்தாலும் இரண்டுக்கு மேல் எடுக்காத மனுஷன் என் தம்பி என்று நானே நாலு பேரிடம் சொன்னேன். போதகர்கூட அவன் தோளைத் தட்டினார். இப்படி இரண்டு கோடை போயிற்று.

மூன்றாவது ஆகஸ்டில், மாநில மீன்வளத் துறையிலிருந்து கார்லா என்றொரு பெண் படகுத்துறைக்கு வந்தாள். பெரிய வலைக்கூண்டு ஒன்றைத் தண்ணீரில் இறக்கி, தூண்டிலில் பிடித்த வரிமீனை அதற்குள் விட்டு, மறுநாள் எத்தனை பிழைத்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். வெர்லன் வேடிக்கை பார்க்கப் போயிருக்கிறான். அன்று அங்கே நடந்த பேச்சை அவன் பின்னால்தான் என்னிடம் வார்த்தை மாறாமல் சொன்னான்.

"கைய நனைச்சிட்டுப் புடிச்சாக்கூடவா செத்துப்போகுது?"

"நனைச்சிட்டுப் புடிச்சாலும்தான் சார். கீழ குளுந்த தண்ணியில கெடந்தத இழுத்துப் போராட வெச்சு வெந்நிக்குள்ள கொண்டாறோம். அதுக்கு மூச்சே அங்கயே போயிருது."

"வாலடிச்சிட்டு நல்லாத்தானேம்மா போகுது?"

"போகும். ஒரு மணி நேரம், ரெண்டு மணி நேரம். அப்புறம் அடியில போய்ச் சாஞ்சிரும். முக்காவாசி மெதக்காது. அதனால யாரு கண்ணுலயும் படாது."

ஹாய்ட் பக்கத்தில் நின்று, எங்க டாக்டர் தொட்டா பொழைச்சுக்கும்மா என்று சிரித்தானாம். வெர்லன் சிரிக்காமல் வந்துவிட்டான்.

என்னிடம் வாயே திறக்கவில்லை. மறுநாள் காலையும் மீன் கொண்டுவந்தான். அதற்கடுத்த நாளும் கொண்டுவந்தான். எத்தனை பிடித்தாய் என்றால், பதினைஞ்சு இருக்கும், இருபது இருக்கும் என்று வேறெங்கோ பார்த்துக்கொண்டு சொல்வான். வெயில் அசத்துகிறது போலும் என்று நினைத்து நான் மோர் கொடுத்தேன்.

பன்னிரண்டாம் நாள் வெறுங்கையோடு வந்தான். உள்ளே வரவில்லை. சமையலறைப் படியில் உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டான்.

"அக்கா, நான் விட்டதெல்லாம் சாவுது."

கார்லா சொன்னதை முதலிலிருந்து சொன்னான். நம்ப மனசு வராமல், அந்தப் பெண்ணுக்கு மீனைப் பிடிக்கத் தெரியவில்லை, என் கையில் அப்படி ஆகாது என்று பதினோரு நாள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போய்வந்தானாம். முந்தின நாள் கோழிக்கம்பியில் தானே ஒரு கூண்டு பின்னி ஊற்றுக்குப் பக்கத்தில் இறக்கி, ரொம்பப் பக்குவமாக விட்ட ஆறு மீனை அதற்குள் வைத்திருக்கிறான். காலையில் தூக்கிப் பார்த்தால் ஐந்து செத்துக் கிடந்தன. ஆறாவது ஒருக்களித்துப் படுத்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது.

"ஒரு காலைக்குப் பதினெட்டு. மூணு கோடை. நீயே பெருக்கிப் பாத்துக்க. நான் பெருக்கிட்டேன்." என்னைக் குறை சொல்கிற குரலில் இல்லாமல், ஏதோ ஒன்றைச் சரிபார்த்துக்கொள்வதுபோலக் கேட்டான். "நீ விட்டுடுன்னுதானேக்கா சொன்னே?"

இதற்கு நான் என்ன பதில் சொன்னேன் என்பதை எழுதக் கை கூசுகிறது. "தொடாதேங்கற அர்த்தத்துலதான்டா சொன்னேன்," என்றேன்.

பொய் இல்லை. ஆனாலும் பொய்தான். அவன் தலையை ஆட்டினான். தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டான். அடுப்பில் இருந்ததைச் சாப்பிட்டுப் போ என்றுகூட நான் கூப்பிடவில்லை.

நாலு நாள் அவன் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்திலும் காணோம். வாசலில் யாரோ, எங்கே உங்கள் தர்மவான் தம்பி என்று கேட்டார்கள். நான் காதில் விழாததுபோல் நடந்தேன். திங்கட்கிழமை காலையில் சோளரொட்டியும் தக்காளியும் எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். பின்பக்கம் படகைக் கவிழ்த்துப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தான். தேய்க்க அதில் ஒன்றும் இல்லை.

"வெர்லன், அந்தச் சொல்லு எங்கிட்டேர்ந்து வந்தது. பாதி என்னோடது."

"நீ தெரியாமச் சொன்னே. நானும் தெரியாமத்தான் செஞ்சேன், அந்தப் பொண்ணு சொல்றவரைக்கும்," என்றான். "அதுக்கப்புறம் பதினோரு காலை போனேனே, அதுல யாருக்கும் பங்கு கெடயாதுக்கா. தெரிஞ்சேதான் போனேன். அந்த இழுப்பு இல்லாம என்னால இருக்க முடியல."

அவன் அவ்வளவு நேராகப் பேசினபின் நான் ஒளிந்துகொள்ள இடமில்லை.

"தெரியாமச் சொன்னேன்னு சொல்லாதே. மொத நாளே தெரியும் எனக்கு. இருபது புடிச்சேன்னு நீ சொன்னப்பவே, இவன் தப்பா எடுத்துக்கிட்டான்னு தெரியும்."

தேய்க்கிற கை நின்றது. "அப்புறம் ஏன்க்கா சொல்லல?"

"நீ சந்தோஷமா இருந்தே." அதோடு நிறுத்தியிருக்கலாம், நிறுத்தவில்லை. "மீனும் ருசியா இருந்துச்சு. கோயில் வாசல்ல பேசிக்கவும் நல்லா இருந்துச்சு."

அவன் என்னைத் திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்கு லேசாகியிருக்கும். ரொட்டியைப் பிட்டுத் தக்காளியோடு வாயில் போட்டு மெதுவாக மென்றான். அப்புறம், "நாளைக்கு எங்கூட வா. தனியாப் போனா நான் ரெண்டோட நிக்க மாட்டேன்," என்றான்.

எழுபத்திரண்டு வயதில் நான் படகில் ஏறினேன். விடிந்து வெளிச்சம் வந்திருந்தது. தேவாலயக் கதவும் பாறையின் வெள்ளைக் கீற்றும் ஒன்றுசேர்கிற இடத்தில் நங்கூரம் போட்டான். எட்டிப் பார்த்தேன், பச்சைத் தண்ணீர் தவிர ஒன்றுமில்லை. திரையில்தான் மீன் நெருக்கியடித்துக்கொண்டு தெரிந்தது. தூண்டில் கீழே போய்ச் சேரும் முன்பே முதல் மீன் கவ்விவிட்டது. கம்பு வளைந்து தண்ணீரைத் தொட்டது. அவன் முகம் போன போக்கைப் பார்த்தபோது, அந்தப் பதினோரு காலையும் எனக்கு விளங்கிற்று. அதைப் பனிக்கட்டிப் பெட்டியில் போட்டான். இரண்டாவதும் சீக்கிரமே வந்தது. போட்டு மூடினான்.

கம்பை மடக்கித் தன் காலடியில் வைத்தான். பிறகு அதை எடுத்து என் பக்கம் தள்ளிவிட்டான். திரையை அணைக்கவில்லை. கீழே அத்தனை மீனும் அப்படியே நின்றன. மணி ஆறே முக்கால்கூட ஆகவில்லை, அத்தனை பெரிய பகல் முன்னால் கிடந்தது.

"கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போலாமாக்கா?"

இருக்கலாம் என்றேன். அவன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அதன்மேல் அழுந்த உட்கார்ந்துகொண்டான்.