பழைய அளவில் ஒரு பெட்டி

என் வீட்டுக்காரர் ஆணழகன் பட்டம் வாங்கிய காலத்தில் ராயபுரத்தில் அந்த வார்த்தையைக் கேட்டாலே சிரிப்பார்கள். பகலெல்லாம் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன் சாயங்காலம் இரும்பையும் தூக்குவானா என்று கேலி பேசினார்கள். அவர் அசரவில்லை. கப்பல்காரர்கள் கழித்துப்போட்ட இரும்பை வாங்கி உடற்பயிற்சிக் கொட்டகை போட்டார். எண்ணூர் வரை சைக்கிளில் போய், வெட்டியாகச் சீட்டாடிக்கொண்டிருந்தவர்களை இழுத்து வந்தார்.

"ஒடம்ப நீ பாத்துக்கினா, அது உன்னக் கைவுடாது" என்பார். நானும் அதை நம்பித் தொலைத்தேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் அவர் வயிற்றில் கட்டி வந்தது. கொஞ்ச மாதத்தில் எலும்பும் தோலுமாகிவிட்டார்.

"எவனையும் உள்ள வுடாத. என்னிய இப்டிப் பாத்தா நாளைக்கி ஒருத்தனும் கொட்டாய்க்கு வர மாட்டான்" என்றார்.

சாகக் கிடக்கும்போதும் கொட்டகைக் கவலை! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் வாசலை மறித்துக்கொண்டு நின்றேன். பார்க்க வந்த சிஷ்யர்கள் என்னை ராட்சசி என்று திட்டிவிட்டுப் போனார்கள்.

ஒரு மத்தியானம் போய்விட்டார். சவப்பெட்டி செய்ய அளவெடுத்த கயிற்றோடு என் தம்பியைத் தச்சரிடம் அனுப்பினேன். தச்சர் அவருடைய முதல் சிஷ்யர். கயிற்றைத் தொடக்கூட இல்லையாம்.

"வாத்தியாருக்கு அளவா? அவரு தோளுக்கு எத்தினி வாட்டி டேப்பு புடிச்ச கை இது!"

வந்த பெட்டியில் இரண்டு பேர் படுக்கலாம். உள்ளே கிடத்தினால் ஒரு பக்கமாகச் சரிந்தார். என் புடவைகளைச் சுருட்டி இரு பக்கமும் அண்டை கொடுத்தோம். மாதா கோயிலுக்குப் போகும்வரை முகத்தை மூடுவது எங்களில் வழக்கமில்லை. நான் வீட்டிலேயே மூடி ஆணியடிக்கச் சொன்னேன். சொந்தக்காரர்கள் என்னைத் தூற்றினார்கள்.

சிஷ்யர்கள் ஆறு பேர் வந்து, அவர் சொல்லிக்கொடுத்தபடி காலை அகட்டி, மூச்சை இழுத்துப் பிடித்துத் தூக்கினார்கள். பெட்டி விருட்டென்று மேலே எழும்பியது. முன்னால் நின்ற தச்சர் தடுமாறிப்போனார்.

"அக்கா, இன்னாக்கா இது?" என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி.

"நடங்க" என்றேன்.

தச்சர் மற்றவர்களைப் பார்த்தார். ஆறு பேரும் பெட்டியைத் தோளில் வைத்து, முதுகை வளைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு, பெரும் பாரம் சுமக்கிறவர்களைப் போல அடிமேல் அடி வைத்து நடந்தார்கள்.

"வாத்தியாரு இன்னா கனம் பாரு" என்றாள் தெருவில் ஒருத்தி.

அப்போதுதான் நான் அழுதேன்.