அத்தான் ஒப்புக்கொள்ளாத மழை

கலவரத்தில் வீட்டை இழந்த பிறகுதான் அக்காவும் அத்தானும் கலஹாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசையாகக் கட்டிய ஒற்றை அறை வீடுகளில் ஒரு காம்பராவுக்கு வந்தார்கள். முன்பு இருந்த ஊரில் அதிகாரிகள் ஜீப்பில் வந்து, இரண்டு நாள் பாடசாலையில் போய் இருங்கள், வீடுகளை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று சொன்னார்களாம். நம்பிப் போனார்கள். திரும்பியபோது கரிந்த சுவர்கள்தான் நின்றன.

யுத்தம் இன்னும் முடியாத காலத்தில் இந்த லயத்துக்கும் ஒரு ஜீப் வந்தது. இளம் சிங்கள அதிகாரி ஒருவர் லயத்துக்குப் பின்னாலிருந்த மலையில் விட்டிருந்த வெடிப்புகளை அளந்தார். பூமி சூடாகி வருகிறது, சூடான காற்று நிறைய நீரைச் சுமக்கும், பல நாள் பெய்ய வேண்டிய மழை இனி ஒரேயடியாகக் கொட்டும், இந்த மலை தாங்காது என்றார். மழைக்காலம் முடியும்வரை எல்லோரும் கீழே பாடசாலைக்குப் போய்விடச் சொன்னார். நான் கண்டியில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். அன்று அக்கா வீட்டில் இருந்ததால் எல்லாவற்றையும் தமிழில் சொன்னேன்.

அத்தான் கதவில் சாய்ந்தபடி கேட்டார்.

“போறோம். திரும்பி வந்தா இந்தக் காம்பரா எங்களுக்குத்தான்னு எழுதித் தரச் சொல்லு, தங்கச்சி.”

அதிகாரி நேர்மையான மனிதர். அது தன் கையில் இல்லை என்றார்.

“வீட்டுக்கே உறுதி சொல்ல ஏலாதவரு, வானத்துக்கு எப்படி உறுதி சொல்றாரு?”

சில குடும்பங்கள் இறங்கிப் போயின. அக்காவும் துணிகளை மூட்டை கட்டினாள். அத்தானின் முகத்தைப் பார்த்துவிட்டு அவளே அவிழ்த்து வைத்தாள்.

ஒரேயடியாகக் கொட்டிய மழையில் ஒரு மத்தியானம் மலை சரிந்தது. சாமான் வாங்கக் கம்பளைக்குப் போயிருந்த அத்தான் வந்து சேர்ந்தபோது, கடைசிக் காம்பராக்கள் மண்ணுக்கடியில் கிடந்தன. அக்கா உள்ளே இருந்தாள்.

அதற்குப் பிறகு அத்தான் என்னோடு கண்டியில்தான் இருக்கிறார். மழை மாறிவிட்டதென்று அவர் இன்றுவரை ஒப்புக்கொண்டதில்லை. எந்தக் காலத்தில் மழை பெய்யவில்லை, தோட்டத்தில் தண்ணீர் வடியும் கானை ஒழுங்காக வெட்டவில்லை, அதனால்தான் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கியது என்பார். படித்தவள் என்ற எண்ணத்தில் நானும் விடாமல் வாதாடிக்கொண்டிருந்தேன். ஒருநாள், சாப்பிட்டுக்கொண்டிருந்த கையை அப்படியே வைத்துக்கொண்டு கேட்டார்.

“அந்த ஐயா சொன்னது சரின்னா, ஒங்க அக்காவ அங்க வச்சிருந்தது நான்தானே?”

அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினேன்.

“கானும் ஆழம் பத்தாதுதான், அத்தான்,” என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டு மறுபடி சாப்பிடத் தொடங்கினார்.