ராதியா கேட்ட அறை

எங்கள் பட்டறையில் தையல் மெஷின் நின்றுபோனால் வஸ்ஸானிலிருந்து ராதியா வருவாள். அங்கிருந்து எங்கள் ஊர் டாஞ்சியருக்குப் பஸ்ஸில் நாலு மணி நேரம். கையில் கனத்த இரும்புப் பெட்டி. உள்ளே ஸ்பேனர், திருப்புளி, எண்ணெய்க் குப்பி, ஊசிகள். நான் அந்தப் பட்டறையில் மேற்பார்வையாளர். பெயர் ஸிஹாம்.

ராதியா பதினேழு வயதில் எங்கள் பட்டறையில் கால்சட்டைக்குப் பை தைக்க வந்தவள். அந்தக் காலத்து மெக்கானிக் ஒருவன், மெஷினைச் சரிபார்க்கிற சாக்கில் தைக்கிற பெண்கள் மேல் சாய்ந்து நிற்பான். அவன் வந்தாலே மற்றப் பெண்கள் எழுந்து ஒதுங்கிவிடுவார்கள். ராதியா ஒதுங்கவில்லை. அவன் எந்தத் திருகைக் கழற்றுகிறான், எதை முடுக்குகிறான் என்று பக்கத்தில் நின்று பார்த்தாள். ஒரு வருடத்தில் அவள் வரிசையில் எந்த மெஷினுக்கும் அவனைக் கூப்பிட வேண்டியதில்லை என்று ஆகிவிட்டது.

பிறகு கல்யாணம், வஸ்ஸானில் குடித்தனம், ஒரு மகள். புருஷன் ஸ்பெயினுக்குத் தக்காளி பறிக்கப் போய், அங்கேயே வேறு குடும்பம் வைத்துக்கொண்டான். விவாகரத்துக் காகிதம் கைக்கு வந்த மறுமாதமே ராதியா மகளைத் தன் அம்மாவிடம் விட்டுவிட்டுப் பெட்டியைத் தூக்கினாள். டாஞ்சியர், தெதுவான், மெக்னெஸ் என்று பட்டறை இருக்கிற ஊருக்கெல்லாம் தனியாகத்தான் போவாள்.

பஸ்ஸில் டிரைவருக்கு நேர் பின்னால் உட்காருவாள். ஷேர் டாக்ஸியில் முன்சீட்டில் இரண்டு பேரை நெருக்கி ஏற்றுவார்கள்; அவள் இரண்டு பேருக்கான காசையும் கொடுத்துவிட்டுத் தனியாக உட்காருவாள். விரலில் கல்யாண மோதிரம் கிடக்கும். சந்தையில் அவளே வாங்கியது. தெருவில் யாராவது பின்னால் வந்தால் போனைக் காதில் வைத்து, இல்லாத தம்பியிடம் "இதோ வந்துட்டேன், வாசல்லயே நில்லு" என்பாள். கெட்டிக்காரி என்று ஒருமுறை புகழ்ந்துவிட்டேன்.

"கெட்டிக்காரியா?" என்றாள். "எந்தத் தெரு, எந்த சீட்டு, எவன் பின்னாடி வர்றான்... என் தலையில பாதி இதுக்கே போகுது ஸிஹாம். அந்தப் பாதியையும் தொழிலுக்குக் குடுத்திருந்தா இந்நேரம் நானே ஒரு பட்டறை வச்சிருப்பேன். அவனுங்களுக்கு முழுத் தலையும் மிச்சம். அதை நெனச்சாத்தான் எனக்கு எரியுது."

வேலை பெரும்பாலும் இரண்டு நாள் இழுக்கும். ஆரம்பத்தில் டாஞ்சியரில் அத்தை வீட்டில் தங்கினாள். சொந்தக்காரர் வீடு, பத்திரம் என்று எல்லோரும் சொன்னார்கள். அந்தப் பத்திரமான வீட்டில்தான் அத்தை மகன் அவள் படுத்திருந்த அறைக் கதவைத் திறந்தான். திருப்புளியை நீட்டியதும் திரும்பிப் போனான். விடிந்ததும் அத்தையிடம் சொன்னாள். "தனியா ஊர் ஊராப் போறவ நீ. அவன் தப்பா நெனச்சுட்டான்" என்றாள் அத்தை. அன்றைக்கு அந்த வீட்டுப் படி இறங்கியவள்தான்.

பிறகு இரண்டு வருடம் எங்கள் பட்டறையிலேயே துணிக் கட்டுகள் மேல் படுத்தாள். முதலாளி மோசமான மனிதர் இல்லை. ஆனால் பொம்பளை தனியாக இருக்கிறாளே என்று வெளியே பூட்டிச் சாவியைக் கொண்டுபோய்விடுவார். ஒரு தடவை மின்பெட்டியிலிருந்து புகை கிளம்பி, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு முக்கால் மணி நேரம் கத்தியிருக்கிறாள். முதலாளி வந்து திறந்து, "நல்லவேளை, இறைவன் காப்பாத்தினான்" என்றார். விடிந்ததும் ராதியா என்னிடம் சொன்னாள்: "இனிமே விடுதியில தங்கப் போறேன். வேலைக்கு வர்ற ஆம்பளை தங்குறான்ல, அதே மாதிரி."

அக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை. பட்டறை அரை நாள். வீட்டில் கூஸ்கூஸ் சாப்பிட்டு முடித்திருந்தேன். போன் அடித்தது.

"ஸிஹாம், துறைமுகத்துக்கு இறங்குற தெருவுல மருந்துக் கடைக்கு மேல ஒரு விடுதி இருக்குல்ல? அங்க வா. ஒரு சாட்சி வேணும்."

பதறிக்கொண்டு ஓடினேன். வரவேற்பறை சோபாவில் ராதியா பெட்டியைக் காலடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மேசைக்குப் பின்னால் ஜலால் என்ற பணியாள், முப்பது வயதிருக்கும், போனைத் தடவிக்கொண்டிருந்தான்.

"என்னக்கா ஆச்சு?"

"அறை கேட்டேன். கிடையாதுங்கிறான். அவன் முதுகுக்குப் பின்னாடி பாரு, எத்தனை சாவி தொங்குது."

ஜலால் நிமிர்ந்தான். பெண்களை மரியாதையாகக் கூப்பிடுகிற 'லல்லா'வோடுதான் ஆரம்பித்தான். "லல்லா, அறை இல்லைன்னு நான் சொல்லலையே. தனியா வர்ற பொம்பளைக்குக் கிடையாதுன்னுதான் சொன்னேன். புருஷன், அண்ணன் தம்பி யாரையாச்சும் கூட்டிட்டு வாங்க. இது நல்ல பேரெடுத்த விடுதி."

"அப்போ நான் வந்தா உன் விடுதிக்குக் கெட்ட பேரு."

"நான் அப்படிச் சொல்லல."

"வேற எப்படிச் சொன்ன? சரி, எந்தச் சட்டத்துல இருக்கு? காட்டு."

"எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம்தானே லல்லா."

"எல்லாருக்கும் தெரிஞ்சதை எழுதறதுக்கு என்ன பயம்? 'தனியா வந்த ராதியாவுக்கு அறை தர மாட்டோம்'னு எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்திக் குடு. போயிடறேன்."

அவன் எழுதவில்லை. அவள் போகவும் இல்லை. எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. யாராவது தெரிந்தவர்கள் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று இருந்தது.

"அக்கா, எதுக்கு வம்பு? எங்க வீட்டுக்கு வா. மாமியார் அறையில படுத்துக்கலாம்."

"உன்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டேன். சமாதானம் பேசக் கூப்பிடல" என்றாள். சோபாவில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அரை மணி கழித்து முதுகில் பெரிய பையோடு ஒரு வெளிநாட்டுப் பெண் படியேறி வந்தாள். இருபத்தைந்து, இருபத்தாறு வயது. பெயர் இனெஸ், சிலி நாட்டுக்காரி. அவளும் தனியாகத்தான் வந்திருந்தாள். ஜலால் எழுந்து நின்றான். பாஸ்போர்ட்டை வாங்கிப் பதிந்தான், புதினா டீ வரவழைத்தான், கடலைப் பார்த்த அறையின் சாவியை எடுத்து நீட்டினான். புருஷன் எங்கே என்று அவளை யாரும் கேட்கவில்லை.

அப்புறம் அவளுக்கு ஸ்பானிஷில் புத்திமதி ஆரம்பித்தான். எங்கள் ஊரில் ஸ்பானிஷ் எல்லோருக்கும் ஓரளவு புரியும். தோளை மூடிக்கொள்ளுங்கள், ஆண்களை நேராகப் பார்க்காதீர்கள், கேட்டால் புருஷன் அறையில் தூங்குகிறார் என்று சொல்லுங்கள், இருட்டுவதற்குள் திரும்பிவிடுங்கள். இனெஸ் பள்ளிப் பிள்ளை மாதிரி தலையாட்டினாள்.

"தம்பி," என்றாள் ராதியா, "பாடம் நல்லாத்தான் இருக்கு. கீழ தெருவுல நிக்கிறானுங்களே, அவனுங்களுக்கு எப்போ நடத்தப் போற?"

ஜலால் பதிவேட்டை மூடிவிட்டுப் போனை எடுத்து எதையோ தட்டினான். இனெஸ் அறையில் பையை வைத்துவிட்டு வெளியே கிளம்பினாள்.

இருபது நிமிடம்கூட ஆகியிருக்காது. படியில் தடதடவென்று ஓடி வந்தாள்.  பின்னாலேயே தோல் சட்டை போட்ட ஒருவன், சிரித்துக்கொண்டே ஏறி வந்து வாசலில் நின்றான்.

"என்ன ஜலால், உன் விருந்தாளி இப்படிப் பயப்படுறா? கோட்டையைக் காட்டுறேன்னுதான் சொன்னேன்."

இனெஸ் எங்கள் சோபாவுக்குப் பின்னால் வந்து நின்றாள். "கையைப் பிடிச்சுட்டு விடவே மாட்டேன்னுட்டான். இனெஸ், இனெஸ்னு கூப்பிட்டான். என் பேரு அவனுக்கு எப்படித் தெரியும்?"

அங்கே அந்தப் பாஸ்போர்ட்டைத் திறந்து பார்த்தவன் ஒருவன்தான். ஜலால் போனைக் கவிழ்த்து வைத்தான். ராதியா எழுந்தாள்.

"பேரை நீதானே அனுப்பின?"

"லல்லா, இதுல நீங்க தலையிடாதீங்க."

"புருஷனைக் கூட்டிட்டு வா, விடுதி பேரு கெட்டுடும்னு என்கிட்ட சொன்ன வாய்தானே இது? நல்ல பேரு! வந்து இறங்கின பொண்ணை அரை மணி நேரத்துல தெருவுக்கு வித்துட்ட."

தோல் சட்டைக்காரன் குறுக்கே புகுந்தான். "உனக்கு என்ன வயித்தெரிச்சல் பெரியம்மா? உன் பின்னாடி யாரும் வரலைன்னுதானா?"

ராதியா அவனைத் தாண்டிப் படி இறங்கி, தெரு நடுவில் போய் நின்றாள். "ஹ்ஷூமா!" என்று ஒரு கத்து. வெட்கக்கேடு என்று அர்த்தம். எங்கள் ஊரில் அந்த வார்த்தையைக் கேட்டால் போகிறவர்கள் நிற்பார்கள்.

"எல்லாரும் இங்க வாங்க! மேல ஒருத்தன் நிக்கிறான். தனியா வந்த பொண்ணைக் கையைப் பிடிச்சு இழுத்திருக்கான். இவனைப் பெத்தவ எந்தத் தெரு? யாராச்சும் போய்க் கூட்டிட்டு வாங்க. மகன் பாக்குற உத்தியோகத்தை அவளும் கண்ணால பாக்கட்டும்!"

மருந்துக் கடைக்காரி வெளியே வந்தாள். மத்தி மீன் விற்கிறவன் தள்ளுவண்டியை நிறுத்தி அண்ணாந்து பார்த்தான். "அட, நம்ம அன்வர்! டேய், உங்கம்மா இப்பத்தான் என்கிட்ட மீன் வாங்கிட்டுப் போறா. கூப்பிடட்டுமா?" கூட்டம் சிரித்தது. அன்வர் சிரிக்கவில்லை. படியிறங்கி, சுவரோரமாக நழுவி, சந்தில் மறைந்தான்.

ராதியா மறுபடி மேலே ஏறி வந்த கொஞ்ச நேரத்தில் போலீஸ்காரர் ஒருவர் வந்தார். ஜலால்தான் கூப்பிட்டிருந்தான், ராதியா மேல் புகார் சொல்ல.

"யாரோட வந்த?" என்று அவளைக் கேட்டார்.

"பெட்டியோட."

"விடுதியில உனக்கு என்ன வேலை?"

"தூங்குற வேலை."

"விறைப்பாப் பேசாதே."

"அந்தப் பொண்ணைத் துரத்தினவனை நீங்க ஒண்ணும் கேக்கலையே?"

"அவன் எங்க?"

"ஓடிட்டான். நான் ஓடாம நிக்கிறேன், அதனால என்னைக் கேக்குறீங்க."

அவர் இனெஸிடம் புகார் தருகிறாயா என்று கேட்டார். காலையில் கப்பலில் போகிறேன், எனக்கு எதுவும் வேண்டாம் என்றாள் அவள். அவருக்கு அது போதுமாக இருந்தது. விடுதிக்காரர் இஷ்டம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

இனெஸ் ராதியாவின் கையைப் பிடித்தாள். "என் அறையில ரெண்டு கட்டில் இருக்கு. என்னோட தங்குங்க."

"அது பரவாயில்ல" என்றான் ஜலால் உடனே. "வெளிநாட்டுக்காரங்களோட விருந்தாளின்னா நான் கண்டுக்க மாட்டேன். பேரு எழுதக்கூட வேண்டாம்."

எனக்கு அப்பாடா என்று இருந்தது. ராதியா பதிவேட்டை அவன் பக்கம் தள்ளினாள்.

"என் நாட்டுல நான் இவ பையோட வந்த சாமானா? இவளுக்குக் குடுத்த மாதிரி என் பேரை எழுதி, என் கையில சாவியைக் குடு. இல்லைன்னா வேண்டாம்." பிறகு இனெஸிடம் ஸ்பானிஷில், குரலைத் தணித்துச் சொன்னாள்: "உன் மேல கோபமில்ல மகளே. ஆனா இங்க நீயும் தங்காதே. பேரைக் குடுத்தவன் அறை எண்ணையும் குடுத்திருப்பான்."

கடைசியில் இரண்டு பேரும் என் வீட்டுக்குத்தான் வந்தார்கள். மாமியார் போர்வை எடுத்துப் போட்டு, ஹரீரா சூப்பைச் சூடாக்கி ஊற்றினாள். இனெஸ் இரண்டு கிண்ணம் குடித்தாள். ராதியா கிண்ணத்தைத் தொடவில்லை.

"இவளுக்கும் எனக்கும் ஒரே முடிவுதான் பாத்தியா? அவனுங்க ஊரெல்லாம் சுத்துவானுங்க, நாம உன் மாமியார் அறையில முடங்கணும். இதுக்குப் பேரு பாதுகாப்பு!"

விடிந்ததும் கப்பலுக்குப் போகுமுன் இனெஸ் நடந்ததையெல்லாம் ஸ்பானிஷில் இரண்டு பக்கம் எழுதிக் கையெழுத்திட்டாள். விடுதி மேல் ராதியா கொடுக்கப்போகிற புகாருக்கு, அவளுக்கு அறை மறுக்கப்பட்டதை நான் எழுத வேண்டும். பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தேன். என் புருஷன், "நமக்கெதுக்கு? நாளைக்கு விசாரணைன்னு உன்னைக் கூப்பிட்டா?" என்றார். ராதியா வற்புறுத்தவில்லை. ஆனால் என்னைப் பார்க்காமல் செருப்பை மாட்டினாள். அதைத் தாங்க முடியாமல்தான் எழுதிக் கொடுத்தேன். தைரியத்தால் எழுதினேன் என்று சொன்னால் பொய்.

புகார் ஏழு மாதம் அலைந்தது. இந்த அலுவலகத்தில் அந்த அலுவலகம் என்றார்கள்; அங்கே போனால் மொழிபெயர்ப்பு வேண்டும் என்றார்கள். டாஞ்சியர் வரும்போதெல்லாம் ராதியா வேலை முடித்து ஒரு அலுவலக வாசலில் நிற்பாள். இரவு வேண்டாவெறுப்பாக என் மாமியார் அறையில் படுப்பாள். மே மாதம் ஒரு அலுவலகத்திலிருந்து நாலு வரிக் கடிதம் வந்தது. தனியாக வந்தார் என்பதற்காக அறை மறுக்க எந்த விதியும் இல்லை. விடுதிக்கு இதைத் தெரிவித்துவிட்டோம். இனெஸின் பெயர் தெருவுக்குப் போனது பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

ஜூனில் அந்தக் கடிதத்தோடு அதே விடுதிக்குப் போனாள். ஜலால் அதற்குள் வேறு விடுதிக்கு மாறிவிட்டான். புதியவன் கடிதத்தைப் படித்து, பதிவேட்டில் தொழில் என்ற இடத்தில் 'இல்லத்தரசி' என்று எழுதினான். அடித்துவிட்டு 'மெக்கானிக்' என்று எழுத வைத்தாள். சமையலறைப் பக்கத்து அறை, ஈரம் கோத்த சுவர், வெந்நீர் வராத குழாய். அங்கே படுத்துத் தூங்கினாள்.

மறுநாள் பட்டறைக்கு நான் தேன் ஊற்றிய மெஸ்மன் ரொட்டி சுட்டுக்கொண்டு போனேன். தையல் பெண்கள் கைதட்டினார்கள்.

"எதுக்கு இது?" என்றாள்.

"ஜெயிச்சுட்டியே அக்கா!"

"எதை ஜெயிச்சேன்? எவனும் கேக்காமலே வாங்குற சாவியை நான் ஏழு மாசம் நாயா அலைஞ்சு வாங்கினேன். அதுக்குக் கைதட்டுறீங்க. அந்த அன்வர் இன்னைக்குக் காலையில அதே இடத்துல நின்னுட்டு எனக்கு வணக்கம் வைக்கிறான். ஜலால் நாலு வாசல் தள்ளி உக்காந்து வேற எவ பேரையோ எழுதிட்டிருக்கான்."

 அவள் நின்றபடியே ஒரு ரொட்டியை எடுத்து, கோபத்தோடே மென்றாள். தின்று முடித்து விரலைத் துடைத்துக்கொண்டு என்னைக் கேட்டாள்:

"இனெஸோட விலாசம் வச்சிருக்கியா? பேரைக் குடுத்ததுக்குத் தனியா ஒரு புகார் எழுதணும்."