ஈரியில் தங்கிவிட்ட ஆறு பாட்டில்கள்

அக்டோபர் மூன்றாம் தேதி, வெள்ளிக்கிழமை, சோதனைக்கூடம் அமெரிக்காவின் வடக்கே இருக்கும் ஈரி நகரைவிட்டுப் போனது. மூன்று லாரிகள், தெற்கே கரோலைனாவுக்கு. அங்கே வேலை பார்த்த என் அத்தை வெர்னா மட்டும் போகவில்லை.

லாரி ஓட்டுநரின் இருக்கைக்கு அடியில் குலுக்கலைத் தாங்கும் உருளை ஒன்று உண்டு. அதற்குள் ஊற்றுவது இரும்புத்தூள் கலந்த எண்ணெய். காந்தம் பட்டால் கண்ணிமைப்பதற்குள் களியாகிவிடும். தூள் அடியில் இறுகிப்போனால் எண்ணெய் உதவாது. அதைச் சோதிக்க, பாட்டிலில் ஊற்றி இரண்டு வருஷம் அசையாமல் வைக்க வேண்டும். பிறகு குலுக்கி, எத்தனை குலுக்கில் கலக்கிறது என்று எண்ண வேண்டும். அத்தை தானே சேர்த்த கலவை ஆறு பாட்டிலில் இருந்தது. இன்னும் ஐந்து மாதம் பாக்கி.

"மடியில வச்சுக் கொண்டுவா தாயே, குழந்தை மாதிரி," என்றான் சாமான் ஏற்றிய ரஸ்.

"குழந்தைன்னா தூக்கலாம்டா. இதைத் தூக்கினா பத்தொன்பது மாசம் போச்சு. வண்டிய மெதுவா எடு, சுவரெல்லாம் அதிருது."

"பஞ்சு வச்சுக் கட்டினா ஒண்ணும் ஆகாது வெர்னா," என்று பொறியாளர் கிளேட்டன் மற்றவர்களின் பாட்டில்களை ஏற்றிக்கொண்டு போனார்.

காலியான கட்டடத்தில் அந்த ஆறு பாட்டில் இருந்த ஓர் அறைக்குத்தான் வெப்பம் விட்டிருந்தார்கள். அத்தை தினமும் காலையில் போவாள். மேலே தெளிந்து நிற்கும் எண்ணெயை அளவுகோலால் பார்த்து எழுதுவாள். பிறகு கோட்டைக் கழற்றாமலே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பாள். இருபத்தாறு வருஷம் அதிர்வு இயந்திரத்தில் உருளைகளை மாட்டிக் கழற்றிய தோள், குளிரில் மேலே எழும்பாது.

மார்ச்சில் இரண்டு வருஷம் முடிந்தது. எந்தச் சூட்டில், எப்படிக் குலுக்குவதென்று கிளேட்டன் எழுதி அனுப்ப வேண்டும். மூன்று முறை கேட்டாள். பதில் இல்லை.

நான் ஊர் ஊராக நாலு வருஷம் சுற்றிவிட்டு அந்த மே மாதம் திரும்பினேன். அவளைக் காரில் அங்கே கொண்டுவிடுவது என் வேலையானது.

"யாரு கேக்கப்போறாங்க அத்தை? நீங்களே குலுக்கிப் பாத்துட்டு வீட்டுக்கு வாங்க."

"ஒரு தடவைதான்டி குலுக்க முடியும்," என்றாள். கண்ணை மூடிக்கொண்டே சொன்னாள். "அப்புறம் மறுபடியும் ரெண்டு வருஷம். எனக்குத் தெம்பு இல்லை."

ஆகஸ்ட் கடைசியில் அத்தையின் கைப்பேசியில் கிளேட்டனிடமிருந்து செய்தி வந்தது. அத்தை கண்ணாடி தேடியதால் நான்தான் படித்தேன்.

"வெர்னா, மன்னிச்சுக்கோ. இங்க வந்த பாட்டில் எல்லாம் வழியிலேயே கலங்கிடுச்சு. ஒண்ணுகூடத் தேறல. உன்னோடது இன்னும் அப்படியே இருக்கா? திங்கக்கிழமை நானே வர்றேன். அதுவரைக்கும் தொடாதே."