முனிரத்தினம் சார் பழுதுபார்த்த குச்சிகள்

காலை ஏழரை மணி இருக்கும். திருப்பதியில் மகள் வீட்டுச் சமையலறையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். கைப்பேசி ஒலித்தது.

"டீச்சர், பாஷா பேசுறேன். நம்ம சார் போய்ட்டாரு டீச்சர். தூக்கத்துலயே. பக்கத்து வீட்டுக்காரங்க இப்பதான் சொன்னாங்க. நான் வண்டி எடுத்துக்கினு அரை மணில வரேன், ரெடியா இருங்க."

பாஷா சித்தூரில் அல்லவா இருக்கிறார், அரை மணியில் இங்கே எப்படி வருவார் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. அந்தக் கட்டுக் கீரையை முழுவதும் ஆய்ந்து முடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

முனிரத்தினம் சாரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சித்தூரில் ஒரே பள்ளியில் பத்தொன்பது ஆண்டுகள் ஒன்றாக வேலை பார்த்தோம். நான் கணக்கு, அவர் சமூக அறிவியல். பாடம் நடத்துவதில் கெட்டிக்காரர். கைவேலை மட்டும் அவருக்கு வரவே வராது. ஒருமுறை அவரே ஆணி அடித்து மாட்டிய உலக வரைபடம், வகுப்பு நடக்கும்போதே சடாரென்று விழுந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள். அவர் திரும்பிப் பார்த்து, "உலகமே விழுந்துடுச்சு பா, அடியில யார்னா மாட்டிக்கினீங்களா?" என்று கேட்டார். பக்கத்து வகுப்பிலிருந்த எனக்கும் அந்தச் சிரிப்பு கேட்டது.

அவர் ஓய்வுபெற்ற மறு ஆண்டு அவருடைய துணைவியார் ராஜேஸ்வரி அம்மாள் காலமானார். பிள்ளைகள் இல்லை. மாலையில் நடக்கப் போவார். பேருந்து நிலையத்தின் அருகே ஒரு மாடியில் பாஷா, மேசைமேல் குச்சியால் பந்தடிக்கும் பூல் விளையாட்டுக்கூடம் நடத்திவந்தார். அங்கே ஆட்கள் இருக்கிறார்கள் என்பதற்காகவே சார் படி ஏறியிருக்கிறார். நான்கு நாள் சும்மா உட்கார்ந்து பார்த்தார். ஐந்தாம் நாள், மூலையில் கிடந்த பழைய குச்சிகளைக் கேட்டார்.

"எதுக்கு சார், ஒட்டட அடிக்கவா?"

"ரிப்பேர் பண்ணிப் பாக்கறேன் பா."

"சாருக்கு ஆடத் தெரியுமா?"

"தெரியாது. வைத்தியம் பாக்கற டாக்டருக்கு எல்லா நோயும் வந்திருக்குதா?"

இந்தப் பேச்சை இருவருமே என்னிடம் தனித்தனியாகச் சொல்லியிருக்கிறார்கள்.

பந்தை அடிக்கும் அந்தக் குச்சியின் நுனியில் சின்னத் தோல் வில்லை ஒன்று ஒட்டியிருக்கும். டிப் என்பார்கள். பேனாவுக்கு நிப்பு எப்படியோ, குச்சிக்கு அது அப்படி. தேய்ந்தால் மாற்ற வேண்டும். சார் கைப்பேசியில் காணொளிகளைப் பார்த்து, சாப்பாட்டு மேசையையே பட்டறையாக்கிக்கொண்டு கற்றுக்கொள்ளத் தொடங்கினார்.

முதல் குச்சியை மறக்க முடியாது. மரத்தில் விழுந்த பள்ளத்தின் மேல் ஈரத்துணி வைத்துச் சூடு காட்டினால் பள்ளம் மேலெழும் என்று காணொளியில் சொல்லியிருந்தார்கள். துணி அளவு ஈரத்துக்கே இவ்வளவு பலன் என்றால், முழுக் குச்சியையும் ஊறவைத்தால் என்ன என்று சார் யோசித்திருக்கிறார். ஒரு நாள் முழுக்கத் தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்து, பக்கத்து வீட்டார் மொட்டை மாடியில் மாம்பழச் சாற்றைப் பாயில் ஊற்றித் தாண்ட்ரா காயவைத்திருந்த இடத்தில், பாயின் ஓரமாகவே சித்திரை வெயிலில் கிடத்திவிட்டார். மாலையில் போய்ப் பார்த்தால் குச்சி வளைந்து கிடந்தது. மேலெல்லாம் எறும்பு.

"சார், நான் குச்சி குடுத்தேன். நீங்க வில்லு குடுக்கறீங்களே" என்றாராம் பாஷா.

"எறும்புக்குப் புடிச்சிருக்குது பா. உனுக்குத்தான் ரசனை இல்ல."

ஆறேழு மாதத்தில் கை படிந்துவிட்டது. ஆடுகிறவர்கள் தங்கள் சொந்தக் குச்சிகளையே வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அதற்குள் நான் மகளோடு திருப்பதிக்கு வந்துவிட்டேன். தினமும் மாலை ஆறு மணிக்கு அழைப்பார். யார் வந்தார்கள், எந்தக் குச்சிக்கு என்ன கோளாறு என்று பேசிக்கொண்டே இருப்பார். ஒருநாள் குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"யார் கிட்டயும் சொல்லாதீங்க டீச்சர். டிப் ஒட்டற பிசின் அரை நாள்ல காஞ்சிடும். நான்தான் மூணு நாளாகும்னு சொல்லிக்கினு இருக்கேன். முத நாள் குடுக்க வருவாங்க. நடுவுல ஒரு நாள் காஞ்சிதா பாருன்னு வரச் சொல்வேன். கடைசி நாள் வாங்கிக்கினு போவாங்க. ஒரு குச்சிக்கு மூணு காபி போடலாம் பாருங்க."

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். பிறகு, "ஒரு நாள் வாங்களேன் டீச்சர், பாத்துட்டுப் போலாம்" என்றார். பேரனுக்குப் பரீட்சை என்றேன். அடுத்த முறை, வெயில் தணியட்டும் என்றேன். பேருந்தில் ஏறினால் இரண்டு மணி நேரம்கூட ஆகாது.

பாஷாவின் வண்டியில் அதே வழியில் போனபோது, இவ்வளவு சீக்கிரம் எப்படி வந்தீர்கள் என்று கேட்டேன்.

"நான் இங்க திருப்பதிக்கே வந்துட்டேனே டீச்சர். அந்தக் கட்டடத்த இடிச்சிட்டாங்க. கூடத்த மூடி ரெண்டு மாசமாச்சு. பசங்களும் ஆளுக்கு ஒரு பக்கம் போய்ட்டாங்க. சார் சொல்லலயா?"

"போன வாரம்கூட அஞ்சு குச்சி வந்திருக்குதுன்னு சொன்னாரே."

பாஷா வண்டியின் வேகத்தைக் குறைத்தார். "பிசின் அரை நாள்ல காயும்னு எங்களுக்குத் தெரியாதா டீச்சர்? தெரிஞ்சிதான் மூணு நாளும் போவோம். போவலன்னா மொகம் வாடிடும்."

நகரியிலிருந்து வந்த அவருடைய தம்பி மகன் காரியங்களைச் செய்தார். எல்லாம் முடிந்து வீடு அடங்கிய பிறகு, நானும் பாஷாவும் அந்த மேசையருகே நின்றோம். வைத்திருந்தது ஒரே ஒரு குச்சிதான். ஆரம்பத்தில் பாஷா சும்மா கொடுத்த பழைய குச்சிகளில் ஒன்று. நுனியில் புத்தம்புது டிப். பாஷா அதை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

"டீச்சர், டிப்புக்குக் கீழ இந்த வெள்ள வளையத்தப் பாருங்க. டிப் மாத்தும்போதெல்லாம் இத ஒரு மயிரிழை ராவுவாங்க, சமமா ஒட்டணும்னு. இது வெரல் நகம் அளவு இருக்கணும். இங்க ஒரு கோடுதான் மிஞ்சியிருக்குது." குச்சியை மெல்லத் திருப்பிப் பார்த்தார். "ஒரே குச்சிய முப்பது நாப்பது வாட்டி பிச்சிப் பிச்சி ஒட்டியிருக்காரு."

மேசையின் கீழே ஒரு பிஸ்கட் டப்பா இருந்தது. திறந்தேன். கழற்றிய டிப்புகள். ஒன்றுகூடத் தேய்ந்திருக்கவில்லை.

முப்பத்திரண்டு ஆண்டுகள் கணக்கு நடத்தியவள் நான். விடை சரியாக இருந்தாலும் பிள்ளைகளை விட்டதில்லை. எப்படி வந்தது, வழியைக் காட்டு என்று கேட்பேன். கடைசி இரண்டு மாதம் சார் முன்போல எதையும் விரித்துச் சொல்லவில்லை; நானும் தினமும் ஒரு கேள்விதான் கேட்டேன்: "வேலை அதிகமா சார்?" "அதிகந்தான் டீச்சர்" என்பார். யாருடைய குச்சி, என்ன கோளாறு என்று நான் திருப்பிக் கேட்டிருந்தால் அவரால் பொய் சொல்லியிருக்க முடியாது. அடுத்த பேருந்தில் நான் ஏறியிருப்பேன்.

சார், நீங்கள் நிம்மதியாகப் போங்கள். அன்று மாலை பாஷா காபி போட்டார். உங்கள் மேசையருகே உட்கார்ந்து இருவரும் குடித்தோம். இருட்டும்வரை நான் எழுந்திருக்கவில்லை.