சுமைக்காரர் இடுப்பு வார்

துணியில் இடுப்பு வார் தைப்பதும் ஒரு தொழிலா என்று கேட்பவர்களுக்கு இன்னும் இடுப்பு பிடித்துக்கொள்ளவில்லை என்று அர்த்தம். பிடித்துப் பார்த்தவர்கள் கேட்க மாட்டார்கள்.

தேவாரத்தில் மலையடிவாரத்துத் தெருவில் எங்கள் வீடு. அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்திலிருந்து மேலே ஏலத்தோட்டங்களுக்கு வண்டி போகாது. அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய் எல்லாம் ஆள் தலையில்தான் ஏறும். ஏலக்காய் மூட்டை ஆள் தலையில்தான் இறங்கும். நானும் பன்னிரண்டு வருஷம் அப்படி ஏறி இறங்கியவன். ஓர் ஐப்பசி மழையில் மூட்டையோடு சறுக்கி விழுந்தேன். அதோடு மலை முடிந்தது, ஊசி ஆரம்பித்தது. என்னைப் போல வீட்டில் உட்கார்ந்து தைத்துப் பிழைத்தவர்கள் யாராவது இதைப் படித்தால், ஊசி ஏறிய விரலைத் தடவிக்கொண்டேதான் படிப்பீர்கள்.

முதல் வார்

எலும்பு கட்டுகிற வைத்தியர், இடுப்பை அசையவிடாமல் இறுக்கிக் கட்டி வைக்கச் சொல்லியிருந்தார். துண்டைக் கட்டினேன். எழுந்து நாலு எட்டு வைப்பதற்குள் துண்டு சுருண்டு கயிறு மாதிரி ஆகி வயிற்றை அறுத்தது. சுருளாத மாதிரி பட்டையாக ஒன்று தைத்துக்கொண்டால் என்ன என்று தோன்றியது. பழைய காடா வேட்டி ஒன்றைக் கிழித்தேன். இடுப்பை ஒரு சுற்றுச் சுற்றி மேலே அரைச் சுற்று நீளம். அகலம் எட்டு விரல். இரண்டாக மடித்தால் நாலு விரல். நல்ல பக்கம் உள்ளே இருக்கும்படி மடித்துத் தைத்துவிட்டுப் பிறகு பையைத் திருப்புகிற மாதிரி திருப்ப வேண்டும் என்பது வரைக்கும் சரியாகத்தான் யோசித்தேன்.

விழுந்த நாளிலிருந்து நான் முடித்த முதல் வேலை அதுதான். பிரித்துப் பிரித்துத் தைத்து இரண்டு பகல் ஆனது. ஒரு தையல் கூட விடாமல் முடித்து, முடிச்சும் போட்டுவிட்டு, குச்சியை வைத்துக்கொண்டு திருப்புவதற்கு வாயைத் தேடினேன். காட்டு வேலையிலிருந்து வந்த என் மனைவி பேச்சியம்மா அதை வாங்கி இந்த முனையைப் பார்த்தாள், அந்த முனையைப் பார்த்தாள். நான் விழுந்ததிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் சிரித்ததில்லை. அவளும் சிரிக்காமலேதான் கேட்டாள்: "எல்லாப் பக்கமும் அடைச்சுத் தச்சுப்புட்டு, இதை எந்த வழியாத் திருப்புவீக?"

கருப்பையா அண்ணன்

நான் விழுந்த அன்றைக்கு என்னை முதுகில் தூக்கிக்கொண்டு இறங்கியவர் கருப்பையா அண்ணன். அவரும் சுமைக்காரர்தான். தன் மூட்டையைப் பாறை மேல் போட்டுவிட்டு என்னைச் சுமந்தார். அதற்காக அன்றைய கூலி அவருக்குக் கிடைக்கவில்லை என்று வேறு ஆள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். மூன்றாம் தடவை தைத்த வாரைக் கட்டிக்கொண்டு நான் சுவரைப் பிடிக்காமல் நின்றதைப் பார்த்தவர், "எனக்கும் இதே மாதிரி ஒண்ணு வேணும்டா" என்றார்.

அவருக்குத் தைத்ததுதான் நான் வெளியாளுக்குத் தைத்த முதல் வார். உள்ளே சாக்குப் பட்டை வைத்து, நீள வாக்கில் நாலு வரிசை தையல் ஓட்டினேன். கொல்லரிடம் இரண்டு இரும்பு வளையம் வாங்கி ஒரு முனையில் கோத்தேன். மறு முனையை இரண்டு வளையத்திலும் விட்டு, ஒன்றில் மட்டும் திருப்பி இழுத்தால் பிடித்த பிடி விடாது. துணி சேருகிற விளிம்புத் தையல் வெளியே தெரிந்தால் அழகாக இராது என்று அதை உடம்புப் பக்கம் வைத்தேன். எனக்கே பெருமையாக இருந்தது.

எட்டு நாள் கழித்து வந்தார். வாரை அவிழ்த்துவிட்டுத் திரும்பி நின்றார். இடுப்பைச் சுற்றி ஒரு கோடு, தோல் உரிந்து சிவந்து கிடந்தது. எட்டு நாளும் அந்தப் புண்ணோடுதான் சுமந்திருக்கிறார். என்னைத் தூக்கிவந்த இடுப்பு அது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் துண்டால் என் முகத்தைத் துடைத்துவிட்டுச் சொன்னார்: "தையலை வெளியே வச்சா உன் வேலைக்கு அசிங்கம், உள்ளே வச்சா என் தோலுக்குச் சேதம். எது தேவலைன்னு நீயே பார்த்துக்க."

பேச்சியின் அளவு

வார் கேட்டு ஆள் வர ஆரம்பித்தார்கள். ஆனாலும் ஒரு வார் தைக்க எனக்கு மூன்று நாள் ஆகும். மூன்று பேர் வயிற்றுக்கு அது போதாது. நானும் என் அம்மாவும் சாப்பிட்ட பிறகுதான் பேச்சி சட்டி பக்கம் போவாள். ஒரு நாள் விடியற்காலையில், மலைக்கு அரிசி சுமக்கிற பெண்டுகளோடு தானும் போகப்போவதாகச் சொன்னாள். இரண்டு நாள் நான் அவளோடு பேசவில்லை. என் சுமையை என் பெண்டாட்டி தூக்குவதா என்று எனக்கு ஆங்காரம். யார் மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

மூன்றாம் நாள் அவளே வந்து எதிரில் நின்றாள். "அளவு எடுங்க" என்றாள். சுமக்கிறவர்களுக்குச் சும்மா நிற்கையில் அளவு எடுக்கக் கூடாது. தலையில் பாரம் ஏறினால்தான் இடுப்பு எவ்வளவு விரியும் என்று தெரியும். அதனால் தண்ணீர்க் குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு நிற்கச் சொன்னேன். நூலைச் சுற்றினேன். முனை இரண்டும் நான் நினைத்ததற்கு ரொம்ப முன்பே சேர்ந்துவிட்டன. எங்களுக்குப் போட்டுவிட்டு அவள் என்ன சாப்பிட்டாள் என்பதை அந்த நூல்தான் எனக்குச் சொன்னது. நூலைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன். குடத்தை இறக்காமல், குனிந்து பார்க்கவும் முடியாமல், அவள் நேரே பார்த்துக்கொண்டு கேட்டாள்: "மலையேறப் போறது நானு. உங்களுக்கு ஏன் மூச்சு வாங்குது?"

கூறைச்சேலை

உலகச் சண்டைக் காலத்தில் துணிக்குப் பெரிய பஞ்சம் வந்தது. ரேஷன் கார்டுக்கு அளந்து கொடுக்கிற துணி மானத்தை மூடவே பற்றாது. வாருக்கு எங்கே போவது? துணி கொண்டுவந்தால் தைத்துத் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். சாக்கு, கிழிந்த குடைத்துணி, பழைய படுதா, எதெது கிடைத்ததோ அதைக் கொண்டுவந்தார்கள்.

காமயகவுண்டன்பட்டியிலிருந்து ஒரு பெரியவர் வண்டி பிடித்து வந்தார். தோட்டத்துக் கிணற்றில் மாடு பூட்டிக் கமலை இறைத்து இடுப்பு போனவர். மடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். அரக்கு நிறத்தில் கூறைச்சேலை, முந்தியில் மஞ்சள் கறை. "அவ போயி ரெண்டு வருஷம் ஆச்சு" என்றார். நான் கத்தரியைக் கீழே வைத்துவிட்டேன். இதை வெட்ட எனக்குக் கை வராது, வேறு ஏதாவது கொண்டுவாருங்கள் என்றேன். வேறு துணி இருந்தால் இதை எடுத்திருப்பேனா என்று கேட்டார்.

கடைசியில் அவரே சேலையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். மறு முனையை என் கையில் கொடுத்தார். கத்தரி ஓடும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்று நினைத்தேன், திருப்பவில்லை. வெட்டி முடிகிற வரைக்கும் பார்த்தார். மிச்சத் துணியை மடித்து மடியில் வைத்தபடி சொன்னார்: "பெட்டியில கெடந்தா பூச்சி திங்கும். இடுப்புல கெடந்தா எனக்கு ஒத்தாசை."

ஓடைக்கரையில்

அந்த வருஷம் மழை விடாமல் அடித்தது. மலையிலிருந்து இறங்கிவந்த கருப்பையா அண்ணன் வீடு வந்து சேரவில்லை. நாலாம் நாள் அடிவாரத்து ஓடையில் ஒரு உடம்பு ஒதுங்கிக் கிடப்பதாகச் சொன்னார்கள். முகம் தெரிகிற நிலையில் இல்லை. கிராம முன்சீப் ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டார். கம்பை ஊன்றிக்கொண்டு போனேன். அண்ணன் மனைவி ராக்கு எனக்கு முன்பே அங்கன நின்றுகொண்டிருந்தாள். யாரும் அவளைக் கிட்டே விடவில்லை.

"இடுப்புல இருக்கிறது உன் தையல்தானா பாரு" என்றார் முன்சீப். அந்த மலையில் வார் கட்டியவர்கள் முப்பது பேராவது இருப்பார்கள்; எல்லாம் நான் தைத்ததுதான். அண்ணனின் புண்ணைப் பார்த்த பிறகு எல்லா வாரிலும் விளிம்புத் தையல் வெளிப்பக்கம்தான்; ஆனால் அதன் மேலேயே இன்னொரு வரிசை ஓட்டியது அவர் ஒருவருக்கு மட்டும்தான். அது தெரியக் கூடாது என்று வேண்டிக்கொண்டே குனிந்தேன். தெரிந்தது. ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

துணி தண்ணீரில் ஊறி வளையத்தில் இறுகிப்போயிருந்தது. ஒருவர் அரிவாளால் அறுக்கப் போனார். ராக்கு வந்து அவர் கையைத் தள்ளிவிட்டாள். மண்டிபோட்டு உட்கார்ந்து, நகத்தால் நெம்பி நெம்பித் தானே அவிழ்த்து எடுத்தாள். வெகு நேரம் ஆனது.

காரியமெல்லாம் முடிந்து சில நாள் கழித்து அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். துவைத்துக் காயவைத்த வாரை என் முன்னால் வைத்தாள். ஞாபகத்துக்கு வைத்துக்கொள்ளத் தையல் விட்ட இடத்தைப் போட்டுத் தரச் சொல்கிறாள் என்று நினைத்தேன். "குடு ஆத்தா, பிரிஞ்சது எதுவும் இருந்தா ஓட்டித் தாரேன்" என்றேன். அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நிமிர்ந்து நின்றாள். "ஒரு சாண் குறைச்சுத் தாங்கண்ணே. நாளைக்குப் பேச்சி மதினி கூட நானும் மலையேறணும்."

இத்தனை வருஷம் ஊரார் இடுப்பு நிமிர்ந்து நிற்பதற்கு வார் தைத்ததில், கூன் விழுந்தது என் முதுகில்தான்.