பதில் வராத தீவு

தண்ணீரைப் பார்த்தபடி ஒரு ஜோடி நீல ரப்பர் செருப்பு. பக்கத்தில் ஆள் இல்லை. என் மாமியாரின் செருப்பு அது.

இலங்கை மலையகத்தில் நல்லதண்ணிக்குப் போகும் வழியில் உள்ள நீர்த்தேக்கத்தின் நடுவே ஒரு தீவு இருக்கிறது. அணை கட்டுவதற்கு முன் அது மாமி பிறந்த தேயிலைத் தோட்டத்தின் மேட்டு லயம், தொழிலாளர்களின் வரிசை வீடுகள். கீழே இருந்த கோயில் தண்ணீருக்குள் போய்விட்டது. மேடு மட்டும் மிஞ்சியது. ஒருமுறை அதைப் பார்க்க வேண்டுமென்று மாமி விடாமல் நச்சரித்தார். கணவருக்குக் கட்டாரில் வேலை. சொன்னால் விடமாட்டார் என்று சொல்லாமலே ஒரு ஞாயிற்றுக்கிழமை மீன்பிடிப் படகில் மாமியைக் கூட்டிப்போனேன். மாலையில் வருவதாகச் சொல்லிவிட்டுப் படகுக்காரர் போய்விட்டார். காலை நன்றாகத்தான் இருந்தது. பட்ட மரங்களில் நீர்க்காகங்கள் சிறகு உலர்த்தின. ஈரமண்ணில் மரை மானின் குளம்படி. கவ்வாத்து வெட்டாத தேயிலை மரமாகவே வளர்ந்து நின்றது. அதற்குள் லயத்தின் கருங்கல் அடித்தளத்தைக் கண்டுபிடித்து, "இதுதான் எங்க காம்பரா" என்று அந்த அறையின் இல்லாத வாசலுக்குள் மாமி குனிந்து நுழைந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது.

சோற்றுப் பார்சலைப் பிரிக்க உட்கார்ந்தபோது பனி மூடியது. நிமிர்ந்தால் மாமியைக் காணோம். தேடிப்போனால் கரையில் அந்தச் செருப்பு. அவருக்கு நீச்சல் தெரியாது. புருஷனுக்கு என்ன பதில் சொல்வேன்? கத்திக்கொண்டே கரையைச் சுற்றி ஓடினேன். நின்று காது கொடுத்தால் தண்ணீர்ச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

பனி விலகிய பிறகு தேயிலைக்குள்ளிருந்து வெறுங்காலோடு வந்தார், முந்தானையில் காட்டுப்பூ. கோயில் மூழ்கிய இடத்தில் செருப்போடு நிற்கக் கூடாது என்று கழற்றி வைத்தாராம். சாமிக்குப் பூப்பறிக்கப் போன இடத்தில், குட்டிகளோடு ஒரு காட்டுப்பன்றி எதிரே நின்றிருக்கிறது.

"நீ கூப்பிட்டதெல்லாம் கேட்டுச்சும்மா. வாயத் தொறந்தா நீ ஓடியாந்துருவ, பன்னி ஒன்னைய முட்டிப்புடும்னு கம்முனு நின்னேன். கடைசில அம்மா அம்மான்னு கத்துன பாரு, அப்பதான் என்னால நிக்க முடியல, பன்னி முட்டுனா முட்டட்டும்னு வந்துட்டேன்."

அப்படிக் கத்தியது எனக்கே தெரியாது. அவர் தோளில் சாய்ந்து அழுதுவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அவர் பழைய மாமிதான். மறுநாளே ரசம் புளிக்கிறதென்று முகத்தைச் சுளித்தார். நானும் மாமி என்றுதான் கூப்பிடுகிறேன். போன வாரம் அடுப்படியிலிருந்து கூப்பிட்டேன். பதில் இல்லை. இன்னொரு முறை கூப்பிட்டேன். அதற்கும் இல்லை. கரண்டியைப் போட்டுவிட்டு, "அம்மா" என்று கத்திக்கொண்டு வெளியே ஓடினேன். வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர் நிமிராமலே சொன்னார்:

"இருக்கேன்மா, இருக்கேன்."